தேவையில்லை என்று நான் அழித்த பதினொரு கோப்புகள்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எனக்கு இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒன்று கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ், கோவில்பட்டிப் பக்கம் கல்லூரியில் படிக்கும்போதே பிடித்தது. இன்னொன்று ஃபைவ் எஸ் என்கிற தொழிற்சாலை ஒழுங்குமுறை. வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் பிடித்தது. தனித்தனியாக இருந்தவரை இரண்டாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. இரண்டையும் நான் ஒன்றாகச் சேர்த்ததில், எனக்கு நல்லதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒருவருடைய வேலை பர்மனென்ட் ஆவது ஏறக்குறைய நின்றுபோனது.

அது 2014. எங்களுடையது கார் கதவுகளுக்கான கீல்கள் செய்கிற சின்னத் தொழிற்சாலை. நான் குவாலிட்டியில் டிரெயினி. தொழிற்சாலை முழுவதற்கும் நான்கே நான்கு டெஸ்க்டாப்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ். பார்த்துக்கொள்ளத் தனி ஆள் கிடையாது. லினக்ஸ் தெரியும் என்று இன்டர்வியூவில் சொல்லியிருந்ததால் நான்கையும் என்னிடம் விட்டுவிட்டார்கள். எனக்கு அது கூப்பிட்டு விருந்து போட்ட மாதிரி இருந்தது.

அந்த நான்கில் முக்கியமானது டிஸ்பாட்ச் மேசையில் இருந்தது. தயாரான கீல்கள் அட்டைப்பெட்டியில் ஏறும். ஒவ்வொரு பெட்டிக்கும் பார்கோடு போட்ட லேபிள் அந்தக் கம்ப்யூட்டரில் அச்சாகும். கார் தொழிற்சாலையின் கேட்டில் அந்தக் கோடுகளை ஸ்கேனர் படித்தால்தான் பெட்டி உள்ளே போகும். படிக்கவில்லை என்றால் வண்டியோடு திரும்பிவிடும்.

மேசைக்குப் பொறுப்பு ஓர் அக்கா. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர், ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் கோயிலுக்குப் பூக்கட்டித் தருகிறவர்கள். மூன்று வருஷமாகக் கான்ட்ராக்ட். வருஷா வருஷம் ஒருநாள் வேலையை விட்டு நிற்க வைத்து மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த மாதம்தான் முதல்முறையாக அவர் பெயர் பர்மனென்ட் லிஸ்டில் ஏறியிருந்தது. இருபத்தைந்தாம் தேதி லிஸ்ட் மேலே போகும். ஒரே ஒரு நிபந்தனை: டிஸ்பாட்ச் ஃபைலில் கஸ்டமர் கம்ப்ளெயின்ட் எதுவும் தீராமல் திறந்து கிடக்கக் கூடாது. கிடந்தால் அந்த வருஷம் இல்லை.

இனி ஃபைவ் எஸ். சுருக்கமாகச் சொன்னால், தேவையானதை மட்டும் வை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வை, சுத்தமாக வை. ஒரே சாமான் இரண்டு இருந்தால் ஒன்றுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டு. ஒரு வாரத்தில் யாரும் கேட்கவில்லை என்றால் தூக்கிப் போடு. ஆடிட் வருகிறது என்றால் எனக்குக் கைகால் நிற்காது. ஸ்டேப்லர், கத்தரிக்கோல், சாவிக்கொத்து எல்லாவற்றைச் சுற்றியும் மஞ்சள் டேப்பில் கட்டம் கட்டினேன்.

"இன்னாபா இது, என் தண்ணி பாட்டில சுத்தியெல்லாம் கோடு போட்டுக்கீற?" என்றார் அக்கா.

"அதோட இடம் அதுதான்க்கா. எடுத்தா திரும்ப அங்கயே வைக்கணும்."

"அப்ப என்னிய சுத்தியும் ஒண்ணு போட்டுடு. டீக்கு போனா எங்க வந்து உக்காரணும்னு மறந்துடப் போறேன்."

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டேன். அங்கேதான் யாரும் கேலி செய்யமாட்டார்கள்.

உள்ளே என் கண்ணில் பட்டதைப் புரியவைக்க, லினக்ஸில் மென்பொருள் நிறுவும் முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுத்தை வரைவது, படத்தைச் சுருக்குவது, வலையில் ரகசியமாகப் பேசுவது போன்ற பொது வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனியாகச் செய்வதில்லை. அதற்கென்று லைப்ரரி என்கிற கோப்புகள் பொதுவான ஓர் இடத்தில் இருக்கும். எல்லா நிரல்களும் அங்கே வந்து வாங்கிக்கொள்ளும். இணையத்தில் இருக்கும் களஞ்சியத்திலிருந்து ஒரு லைப்ரரியின் பொதியைப் புதுப்பித்தால் அதை நம்பியிருக்கிற அத்தனையும் சேர்ந்து புதுசாகும். நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்த ரூமில் ஒரே அடுப்பு, ஒரே குழம்புச் சட்டி என்று ஓடிக்கொண்டிருந்ததே, அதே ஏற்பாடு.

லேபிள் நிரல் மட்டும் அந்தப் பந்தியில் உட்காராத ஆள். அதைச் செய்து கொடுத்தவர்கள் ஒரே ஃபோல்டருக்குள் நிரலையும், அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்தே கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டுச்சோறு. இப்படிக் கட்டி வைப்பதைப் பற்றித்தான் அந்த வருஷம் இணையத்தில் எல்லோரும் பேச ஆரம்பித்திருந்தார்கள், கன்டெய்னர், கன்டெய்னர் என்று. ரூமில் அதை நான் ஆர்வமாக விளக்கியபோது, வெல்டிங் வேலை பார்க்கிற என் ரூம்மேட் சாத்தூர்க்காரன், "ஏலே, வாசல்ல வரிசையா நிக்கிற லாரியில இருக்கிறது பத்தாதுன்னு கம்ப்யூட்டருக்குள்ளயும் கன்டெய்னரா?" என்று கேட்டான்.

எனக்கோ அந்த ஃபோல்டர் ஆடிட்டில் மாட்டப்போகிற அழுக்கு மூலையாகத் தெரிந்தது. உள்ளே இருந்த லைப்ரரிகளில் பதினொன்று, அதே பெயரில் பொது இடத்திலும் இருந்தன. ஒரே சாமான் இரண்டு. சிவப்புச் சீட்டுதான். பதினொன்றையும் அழித்துவிட்டு, நிரலைப் பொது இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளும்படி திருப்பிவிட்டேன். ஒரு லேபிள் அடித்துப் பார்த்தேன். ஸ்கேனர் பீப் என்றது. ஆடிட்டில் 'முன், பின்' என்று இரண்டு படம் ஒட்டிக் கைதட்டலும் வாங்கினேன். நகல் எடுத்து வைத்தேனா? இல்லை. தூக்கிப் போடுவதை யாராவது நகல் எடுப்பார்களா?

அடுத்த வாரம் சனிக்கிழமை நான்கு கம்ப்யூட்டர்களையும் வழக்கம்போலப் புதுப்பித்தேன். திங்கட்கிழமை போன லோடு மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது.

டிரைவர் இறங்கி, "கேட்ல ஒரு பொட்டி கூட ஸ்கேன் ஆவ மாட்டேங்குதாம்மா. அவுங்க லைன் நின்னுடும்னு கத்துறாங்க" என்றார்.

அக்கா தன் ஸ்கேனரை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பீப். அடுத்த பெட்டி. பீப். எங்கள் ஸ்கேனர் புதுசு, கையில் பிடித்து ஒட்டிவைத்துப் படிப்பது. அவர்களுடையது கேட்டில் பொருத்தியது, தள்ளி நின்று படிப்பது. அன்றைக்குக் குவாலிட்டியில் எல்லோரும் சேர்ந்து முந்தைய வாரம் அச்சடித்து மிச்சமிருந்த லேபிள்களை ஒட்டி எப்படியோ லோடை அனுப்பினோம். ஆனால் சாயங்காலத்துக்குள் கம்ப்ளெயின்ட் மெயிலில் வந்துவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்ளெயின்ட் வந்தால் வொய்-வொய் ஷீட் எழுதவேண்டும். ஏன் நடந்தது, அது ஏன், அதற்கு ஏன் என்று ஐந்து முறை கேட்டு, ஐந்தாவது பதிலைச் சரிசெய்ய வேண்டும். குவாலிட்டி மேனேஜர் அவசரத்தில் இரண்டாவது ஏனிலேயே முடித்திருந்தார்: டிஸ்பாட்ச் பொறுப்பாளர் ஷிஃப்டின் முதல் லேபிளை மட்டும் சோதித்தார், எல்லாவற்றையும் சோதிக்கவில்லை. நடவடிக்கை: எச்சரிக்கைக் கடிதம்.

நான் அக்காவிடம் போனேன். திட்டு வாங்கப் போகிறவரைப் போல இல்லாமல், பழைய லோடுகளின் காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்ல இந்த வருஷம் இல்லன்னு ஹெச்.ஆர்.ல சொல்லிட்டாங்களாக்கா?"

"இன்னும் சொல்லல. சொல்ற மூஞ்சி எனக்குத் தெரியும்பா, மூணு வருசமா பாக்குறேன்." ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "நீ குவாலிட்டிதான. நான் பாக்கலன்னு எய்திக்கீறாங்க. நான் பாத்தது இதுல கீது. நீயே பாரு."

ஒவ்வொரு ஷிஃப்டின் முதல் லேபிளையும் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வைக்கும் ரிஜிஸ்டர் அது. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட விடவில்லை. சனிக்கிழமை லேபிளும் திங்கட்கிழமை லேபிளும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. சனிக்கும் திங்களுக்கும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டது நான் ஒருவன்தான்.

கீலின் விளிம்பைப் பல மடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டும் ப்ரொஜெக்டர் ஒன்று எங்கள் பிரிவில் உண்டு. ரிஜிஸ்டரை அதன் அடியில் வைத்தேன். சனிக்கிழமைக் கோடுகள் கத்தி மாதிரி நின்றன. திங்கட்கிழமைக் கோடுகளில் ஒல்லியானவை எல்லாம் கொஞ்சம் ஊதியிருந்தன. எங்கள் நிரலுக்குப் பார்கோடும் ஓர் எழுத்துருதான். எழுத்தை வரைந்து தருகிற லைப்ரரியின் புதிய பதிப்பு, கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஓரங்களை நிரவிவிட்டிருக்கிறது. படிக்கிற மனிதனுக்கு அது முன்னேற்றம். கேட்டில் தள்ளி நின்று படிக்கிற ஸ்கேனருக்கு ஒல்லிக்கும் தடிக்கும் வித்தியாசம் போய்விட்டது. நிரல் தன்னுடைய பழைய நகலையே வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அந்த நகல் வீண் இல்லை. யாரோ யோசித்துத்தான் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டிருக்கலாமா என்று இப்போது என்னிடம் கேட்டால், ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி யோசிக்க முடியாது என்பதுதான் பதில். அக்காவிடம்தான் முதலில் சொன்னேன்.

"கோடு போட்டு முடிச்சிட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்தியே, அப்பவா?"

"ஆமாக்கா."

"நாசமா போச்சு. சரி வா, சார்கிட்ட போலாம். தனியா போனா நீ பயத்துல இல்லாததெல்லாம் சேத்து சொல்லுவ."

மேனேஜர் அறையில் நான் ஐந்து ஏனையும் ஒரே மூச்சில் சொல்லி, ஐந்தாவதாக, "நான் அழிச்சேன் சார்" என்றேன்.

"அப்போ காரணம் நீ. எழுது" என்றார் அவர்.

அக்கா குறுக்கே பேசினார். "காரணத்துல ஆள் பேர் வரக்கூடாது, முறைதான் வரணும்னு டிரெயினிங்ல நீங்கதான சார் சொன்னீங்க. என் பேர் வந்தப்பவே கேட்டிருப்பேன். எனக்காக நானே கேட்டா நல்லா இருக்காதுன்னு வுட்டுட்டேன்."

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கஸ்டமர் போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது சீக்கிரம் கிடைக்கிற பதிலை எழுதிவிட்டவர். பழைய ஷீட்டைக் கிழித்தார். புதிதில் ஐந்தாவது ஏன் இப்படி வந்தது: டிஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதற்கு முறை இல்லை. எச்சரிக்கைக் கடிதம் ரத்தானது. ஆனால் கம்ப்ளெயின்ட் அப்படியே இருந்தது. தொடர்ந்து பத்து லோடு ஒரு பெட்டிகூடத் திரும்பாமல் போனால்தான் கஸ்டமர் அதை மூடுவார். நடுவில் ஒன்று திரும்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. நாளுக்கு ஒரு லோடு. இருபத்தைந்துக்குள் பத்து லோடு போக நாள் இருந்தது, இரண்டு நாள் மிச்சத்தோடு.

முதலில் அந்தப் பதினொன்று வேண்டும். நிரலைச் செய்து கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், அதைச் செய்த ஆள் போய்விட்டார், தங்களிடம் நகல் இல்லை என்றார்கள். பிறகு லினக்ஸ் பொதிகளின் பழைய பதிப்புகளை எல்லாம் நாள்வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிற தளம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். யாரோ, எந்த ஊரிலோ, எவனாவது ஒருவனுக்கு என்றைக்காவது தேவைப்படும் என்று அத்தனையையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்கள். பதினொன்றும் கிடைத்தன. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மத்தியானம் ஸ்டோர்ஸ் மேசைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக இறக்கியபோது மனசு நிறைந்திருந்தது. லேபிள் பழையபடி கத்தி மாதிரி வந்தது. முதல் ஐந்து லோடுகள் சிக்கலில்லாமல் போயின.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அது நான் இல்லை. ஒரு பக்கம் சூடுபட்டதும் மறுபக்கம் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கி வந்து, நான்கு கம்ப்யூட்டரிலும் இருந்த எல்லா நிரல்களையும் அதனதன் லைப்ரரிகளோடு தனித்தனி ஃபோல்டராகக் கட்டினேன். வரைபடம் பார்க்கிறது, மெயில், கணக்குத் தாள், கார் தொழிற்சாலைக்கு லோடு விவரத்தை முன்கூட்டி அனுப்புகிற நிரல், எல்லாம். இனி எதுவும் எதையும் பாதிக்காது என்று பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார். அப்போதும் திரை சுற்றிக்கொண்டிருந்தது. பழைய மெஷின், குறைந்த நினைவகம். ஒரே லைப்ரரியைப் பொதுவாக ஒருமுறை ஏற்றிக்கொண்டிருந்தது, இப்போது நாலைந்து முறை தனித்தனியாக ஏற்றி மூச்சு வாங்கியது. ஆறாவது லோடு கேட் மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் போய்ச் சேர்ந்தது.

"ஒவ்வொருத்தருக்கும் தனி வூடு கட்டிக் குடுத்துட்டியா?" என்றார் அக்கா. "நல்லதுதான். ஒரு வூட்ல பைப் ஒழுகிச்சுன்னா யாரு போய் பாப்பா?"

"அந்தந்த வீட்டுக்குள்ள போய்த்தான்க்கா பாக்கணும்."

"எந்த வூடுன்னு தெரியுமா உனக்கு?"

பதில் சொல்ல அந்த வாரமே வேளை வந்தது. வலையில் ரகசியமாகப் பேசுவதற்கான லைப்ரரி ஒன்றில் ஓட்டை கண்டுபிடித்திருப்பதாக, நான் இருந்த மடலாடற்குழுவில் ஒருவர் எழுதினார். அன்றே புதுப்பிக்கச் சொன்னார். பொது இடத்தில் இருந்தது ஒரே கட்டளையில் சரியானது. டீ இடைவேளைக்குள் நான்கு மெஷினும் முடிந்தது. நான் கட்டிய மூட்டைகளில்? மெயிலில் ஒரு நகல், லோடு விவரம் அனுப்புவதில் ஒரு நகல், இன்னும் எங்கெங்கே என்று என்னிடம் பட்டியலே இல்லை. ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடினேன். வரைபடம் பார்க்கிற நிரலுக்குள்கூட ஒன்று இருந்தது. அதற்கு அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது என்று நினைக்கிறேன். கட்டுச்சோறா, பந்தியா என்று ஒரு கட்சி சேரவேண்டியதில்லை. எந்த நிரல் வெளியே போய் நாலு பேரிடம் பேசுகிறதோ, அது பொதுவில் சாப்பிடட்டும். கெட்டது தெரிந்தவுடன் ஒரே இடத்தில் மாற்றலாம். எது வெளியே போகாமல், நேற்று அச்சடித்த அதே கோட்டை நாளைக்கும் அச்சடிக்கவேண்டுமோ, அது தன் மூட்டையோடு இருக்கட்டும். அதற்குப் புதுசு வேண்டாம். லேபிள் நிரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் களஞ்சியத்துப் பொதிகளுக்கே திருப்பினேன். மெஷின் மூச்சுவிட்டது.

அக்கா அதற்கும் ஒன்று சேர்த்தார். ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் ஒரு தாளை ஒதுக்கி, "உன் மூட்டக்குள்ள இன்னா இன்னா கீது, எந்த பதிப்பு, எப்ப பாத்த, எல்லாம் எய்து. மூணு மாசத்துக்கு ஒரு தபா தொறந்து பாத்து கையெய்து போடு" என்றார். "நீ ஊருக்குப் போய்ட்டா வர்றவனுக்குத் தெரியணும்ல."

பதினொன்றையும் வரிசையாக எழுதினேன். எதற்கு வேண்டும் என்பதை ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரியில் எழுதச் சொன்னார். எழுத உட்கார்ந்தபோதுதான், அவற்றில் மூன்று எதற்கு என்றே தெரியாமல் அழித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. மேனேஜர் அந்தத் தாளை நகலெடுத்து வொய்-வொய் ஷீட்டோடு இணைத்து அனுப்பினார்.

ஏழு, எட்டு போயின. ஒன்பதாவது அன்று மதியம் வரை போன் வரவில்லை. வராமல் இருந்ததே நல்ல செய்தி. பத்தாவது அன்று அக்கா லீவு போட்டிருந்தார், வீட்டில் திருவிழாப் பூ வேலை. லேபிள் அடித்து ரிஜிஸ்டரில் ஒட்டியது நான்தான். என் கையெழுத்து அவருடையதற்குக் கீழே கோணலாக விழுந்தது. மூன்றரைக்கு மெயில் வந்தது: கம்ப்ளெயின்ட் மூடப்பட்டது. அவருக்குப் போன் செய்தேன்.

"போச்சா?" என்றார்.

"போச்சுக்கா. பத்தும் போச்சு."

அந்தப் பக்கம் யாரோ பூக்கூடை கேட்டார்கள். "நாளைக்கு வரேன்பா" என்று வைத்துவிட்டார்.

லிஸ்டில் அவர் பெயர் இருந்தது. என் டிரெயினிங்கை மூன்று மாதம் நீட்டித்தார்கள், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ரூமில் சாத்தூர்க்காரன், "மூணு மாசம்தான? லைன்ல போட்டு மிதிக்காம விட்டானுவளேன்னு சந்தோசப்படு" என்றான். சந்தோஷப்படத்தான் செய்தேன். மூன்று வருஷம் ஒருநாள் விடாமல் லேபிள் ஒட்டிய கைக்கும், பழசைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த முகம் தெரியாதவர்களுக்கும், எழுதிய ஷீட்டைக் கிழிக்கத் தயங்காத மேனேஜருக்கும் நான் பட்ட நன்றிக்கடன் அந்த மூன்று மாதத்தைவிடப் பெரிது.

ஒன்றாம் தேதி அக்கா டிஸ்பாட்சுக்கு வந்தபோது பத்து நிமிஷம் தாமதம். பர்மனென்ட் ஆட்கள், கான்ட்ராக்ட் ஆட்களைப் போலப் பின் கேட்டில் நுழையாமல், முன் கேட் வழியாகத்தான் வரவேண்டும். அது டிஸ்பாட்சுக்கு நேர் எதிர்க் கோடி.

"மூணு வருசம் இந்த கேட்டுக்கு ஆசப்பட்டேன்பா" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "எவ்ளோ தூரம்னு ஒருத்தனும் சொல்லல."

முதல் லேபிளை அடித்து, ஸ்கேன் செய்து, ரிஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்.